அண்ணன் வீட்டுத் தமிழ்

1978 மே 4, வியாழன்

விடிந்ததிலிருந்து மூட்டம். எதிர் மலை இருக்கிறதா, போய்விட்டதா, தெரியவில்லை. உடம்பில் இரண்டு ஸ்வெட்டர் (ஒன்று அண்ணனுடையது, முழங்கையில் ஓட்டை), தலையில் மஃப்ளர், காலில் சாக்ஸ். முசிறியில் இந்நேரம் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருக்கும். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகக் கிடக்கிறது. வெயிலில் வைத்தால் இளகும். வெயில் எங்கே?

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். கப்பலில் ஏழு நாள், பினாங்கிலிருந்து காரில் ஒரு பகல். தாப்பாவில் மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு வாந்தி. அண்ணன் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பிரிஞ்சாங் டவுன் இரண்டு மைல். அண்ணனைப் பார்த்துப் பதினாலு வருஷம். முடி கொட்டிவிட்டது. சிரிப்பு அப்படியே.

வந்த காரியம் ஒன்றுதான். அண்ணன் மகன் குணசேகரனுக்கு என் மகள் தேன்மொழியைக் கேட்கிறார்கள். சொந்த மாமன் மகன். ஆனாலும் போட்டோவில் தவிரப் பார்த்ததில்லை. தே. (இனி இப்படித்தான், டைரி சின்னது) நான் கிளம்பும்போது சொன்னது ஒரே பேச்சு: "நீ போய்ப் பாரும்மா. குடிக்காதவரா இருந்தா எனக்குச் சரி. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." பதினோரு வயதில் அவள் அப்பாவைச் சாராயக்கடை வாசலிலிருந்து கைத்தாங்கலாக அழைத்துவந்த பெண். அவர் போய் ஆறு வருஷம். இன்னும் அந்தத் தெரு வழியாக அவள் போவதில்லை.

வாசலில் அண்ணி கேட்ட முதல் கேள்வி, "வாங்க தங்கச்சி, பசியாறியாச்சா?" எனக்குச் சுருக்கென்றது. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவளைக் கேட்பது போல. சாப்பிட்டாச்சா என்று கேட்கவேண்டும் என்று நிலைப்படியிலேயே திருத்தினேன். இருபத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சர், வாய் சும்மா இருக்குமா. அண்ணன் பெரிதாகச் சிரித்து, டீச்சர் ஊருக்குப் போகும்வரை வீட்டில் எல்லோரும் நல்ல தமிழ்தான் பேசவேண்டும் என்று உத்தரவு போட்டார். அண்ணியும் சிரித்தார்.

மே 6, சனி

பகல் இரண்டு மணிக்கு மழை. நேற்றும் இரண்டு மணிக்கு. பள்ளிக்கூட மணி மாதிரி.

இங்குள்ள தமிழ், காதில் விழுந்தவரை:

சடக்கு – ரோடு
தவுக்கே – சீன முதலாளி
வெள்ளி – ரூபாய்
லோரி – லாரி
"வரேன்லா", "இல்லலா" – எதற்கும் வாலாக ஒரு லா

எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள்.

அண்ணி இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆனாலும் வேகமாகத் தேறிவருகிறார். இன்று என்னிடம் "தேநீர் அருந்துங்கள்" என்றார். மேடை நாடகம் போல இருந்தது. பிழையில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் குறைவு. அமைதியான சுபாவம் போலும்.

குணா: வயது இருபத்தெட்டு. உயரம். சொந்த லோரி. திரிங்காப், கோலா தெர்லா பக்கம் கோஸும் பூவும் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோகிறான். விடியுமுன் கிளம்பிவிடுகிறான். கண் சிவந்தே இருக்கிறது, தூக்கம் போதவில்லை என்று நினைக்கிறேன். இன்று எனக்குக் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வந்தான். கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிடித்திருக்கிறது. அவசரப்படக்கூடாது.

தோட்டத்துத் துரை வந்து என்னை நலம் விசாரித்தார். மலாய்க்காரர். வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.

மே 8, திங்கள்

ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. அண்ணியின் ரப்பர் செருப்பில் நடமாட்டம்.

குணா ஏன் இன்னும் வரவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். "அவன் டவுன்ல தண்ணி..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டார். அப்புறம் "வந்துவிடுவான்" என்றார், சுத்தமான இலக்கணத்தில்.

டவுனில் என்ன தண்ணி? குழாய் சமையலறையிலேயே இருக்கிறது.

ஒன்றுமில்லாததற்கெல்லாம் மனசு ஓடுகிறது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தேன்.

மே 9, செவ்வாய்

இன்று எழுத்து கோணல்.

காலையில் அண்ணனோடு பிரிஞ்சாங். அண்ணன் மளிகைக் கடைக்குள் போக, நான் வெளியே நின்றேன். லோரியில் முட்டைகோஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர் தமிழர். நான் யாரென்று சொல்லாமல் குணாவைப் பற்றி விசாரித்தேன். சும்மா, நல்ல வார்த்தை கேட்கும் ஆசையில்.

"குணாவா? தங்கமான புள்ளலா. தண்ணிதான் அவனுக்கு உசுரு. காலையில மூணு, மத்தியானம் ரெண்டு. தண்ணி குடிக்காம லோரில ஏறமாட்டான். அந்தா, அந்தச் சீனன் கடையில அவனுக்குன்னே கெட்டியா கலக்கிக் குடுப்பான்."

கை காட்டிய பக்கம் திரும்பினேன். கடைச் சுவர் முழுக்க பீர் பாட்டில் படம். நாலு பேருக்கு நடுவில் குணா. முன்னால் கண்ணாடித் தம்ளரில் கறுப்பாக ஏதோ. சிரித்துக்கொண்டிருந்தான். மணி ஒன்பதரை.

சிவந்த கண். அண்ணி விழுங்கிய வார்த்தை. எல்லாம் பொருந்துகிறது.

அண்ணனிடம் கேட்கவில்லை. எந்தத் தகப்பன் ஒப்புக்கொள்வான்? என் மாமனார் ஒப்புக்கொண்டாரா? பெண் பார்க்க வந்தபோது பிள்ளைக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது என்றார்.

மே 10, புதன்

தே.க்கு எழுதிவிட்டேன். நீலக் காகிதம் முழுக்க, ஓரத்திலும். வேண்டாம், இந்த இடம் வேண்டாம். பையன் நல்லவன்தான், உன் அப்பாவும் நல்லவர்தான். காலையில் மூன்று, மத்தியானம் இரண்டு. அண்ணன் மனசு நோகாமல் ஊருக்கு வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ மனசைத் தேற்றிக்கொள். இப்படி.

நூல்கண்டு வாங்கவேண்டும் என்று சொல்லி, தனியாக டவுன் வரை நடந்து நானே தபாலில் போட்டேன். பாதி வழி திரும்பியபிறகுதான் நூல்கண்டு ஞாபகம் வந்தது. மறுபடி போய் வாங்கினேன்.

மே 12, வெள்ளி

மழை. குணா ஸ்ட்ராபெரி கொண்டுவந்தான். பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்றபோது மோந்து பார்த்தேன், வெட்கக்கேடு. பெட்ரோலும் சாமந்தியும்தான் மணத்தது. தே. அப்பாவும் ஏலக்காய் மெல்லுவார், வாடை ஒன்றும் தெரியாது.

ஒரு விஷயம். பின்பக்கம் அண்ணி பக்கத்து வீட்டு மாரியாயியோடு பேசும்போது குரல் வேறு. கலகலவென்று, வேகமாக, ஊடே சிரிப்பு. நான் போனதும் டக்கென்று நின்றது. என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள்.

மே 15, திங்கள்

எங்கே தொடங்குவது. என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

மாரியாயி கொழுந்து பறிப்பவள். கூட வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். வீட்டில் மூச்சு முட்டியதால் போனேன். இடுப்பில் ரப்பர் விரிப்பு, முதுகில் கூடை, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். என்னையும் பறிக்கவிட்டார்கள். நான் பறித்ததைப் பார்த்து, முத்தல் இலை என்று மாரியாயி எடுத்துக் கீழே போட்டாள். ஃபெயில்.

பத்து மணிக்கே இன்று மழை. எல்லோரும் தகரக் கொட்டகைக்கு ஓடினோம். பன்னிரண்டு பெண்கள், ஒரு கங்காணி. குளிரில் பல் தந்தியடித்தது. மாரியாயி கூடைக்குள்ளிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

"டீச்சரம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. காலை பத்து மணிக்கு, பொம்பளை, கங்காணி முன்னால்! அவள் பாட்டுக்கு மூடியில் ஊற்றினாள். ஆவி பறந்தது. பால் விட்ட டீ.

இதுவா தண்ணி என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பின்ன? மழையில பச்சத்தண்ணியா குடுப்பாங்க?"

கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே டீ, காப்பி எல்லாம் தண்ணிதான். டீ போடுவது தண்ணி கலக்குவது. வெறும் தண்ணீர் பச்சத்தண்ணி. சாராயத்துக்கு வேறு பேர். குணாவைப் பற்றி நேரடியாகவே கேட்டேன். அந்தப் பிள்ளை காப்பிப் பைத்தியம், கள்ளுக்கடை எந்தத் திசை என்றுகூடத் தெரியாது என்று கொட்டகை முழுக்கச் சாட்சி சொன்னது.

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். கண்ணில் நீர், சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

கடிதம் போய் ஐந்து நாள். இப்போது எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறதோ.

மே 16, செவ்வாய்

தந்திதான் வழி. எனக்கு ஆங்கிலம் வராது. அண்ணனிடம் சொல்ல முகமில்லை. குணா இன்று ஈப்போ போகவில்லை என்றான். டவுனில் ஒரு வேலை என்று லோரியில் ஏறிக்கொண்டேன். அவ்வளவு உயரம் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது.

பாதி வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லோரிக்காரர் சொன்னது, பீர் படம், கறுப்புத் தம்ளர், தே.யின் அப்பா, நீலக் காகிதம். அவன் லோரியை ஓரம் கட்டினான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சரிவில் கோஸ் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத்த, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம்.

"என்னய விடுங்க. எங்கம்மா பத்து நாளா பேசறதே இல்ல, கவனிச்சீங்களா? வாயத் தொறந்தா தப்பு வந்துருமோன்னு பயப்படறாங்க. பொறந்ததுலருந்து பேசுன பேச்சு, அத்த."

அமைதியான சுபாவம் என்று நான்தான் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். மே 6. புரட்டிப் பார்த்தேன். அன்று அண்ணி வாயில் வந்ததை வந்தபடி பேசவிட்டிருந்தால் முதல் நாளே தண்ணி கலக்கிக் கொடுத்திருப்பார், எனக்கும் அர்த்தம் தெரிந்திருக்கும். நானே அந்த வாயை அடைத்து, அப்புறம் மறைக்கிறார்கள் என்று சந்தேகமும் பட்டேன். கடல் தாண்டி வந்து பதிமூன்று நாள். பார்த்தது மலையும் மழையும் முட்டைகோஸும். கேட்டது என் குரல் மட்டும்.

தபாலாபீஸில் குணாவே ஆங்கிலத்தில் எழுதினான். படித்துச் சொன்னான்: "கடிதம் தவறு. அவர் குடிப்பது டீ காப்பி மட்டும். அம்மா." கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அதைப் படித்துவிட்டு மலாயில் ஏதோ கேட்டாள். டீ குடிப்பதைச் சொல்லவா தந்தி என்கிறாளாம். அப்போதுதான் குணா சிரித்தான். எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது சீனர் கடைக்கு அழைத்துப்போய் அந்தக் கறுப்பை வாங்கிக் கொடுத்தான். காப்பிதான். கஷாயமாகக் கசந்தது. முழுவதும் குடித்தேன்.

மே 17, புதன்

வெயில்! எண்ணெய் இளகிவிட்டது.

குணாவும் அண்ணனும் போனபின் சமையலறையில் அண்ணி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, மன்னிக்கவேண்டும், உங்கள் பேச்சு எப்படியோ அப்படியே பேசுங்கள் என்றேன். கடிதத்தையும் சொன்னேன். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒங்க முன்னாடி பேசவே கூச்சமா இருந்துச்சு தங்கச்சி. என் வூட்டுலயே நான் விருந்தாளி மாதிரி."

அழுதேன். அண்ணி அழவில்லை, வெங்காயம் உரித்தார். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது, வந்தது, பகல் சாப்பாடு வரை நிற்கவில்லை. சிறு வயதில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இவரைத் தொட்டிலில் விட்டுவிட்டு இவர் அம்மா மலைக்குப் போனது. குணா பிறந்தபோது பாதை சரிந்து, சீனத் தோட்டக்காரர் ஒருவர் காய்கறி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்றும் சீனப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு போகிறது. தீபாவளிக்கு அங்கிருந்து ஆரஞ்சு. சிரிப்பு வந்தால் அண்ணி முழங்கையால் நம்மை இடிக்கிறார். இரண்டு வாரம் எனக்கு அந்த இடி கிடைக்காமல் போயிற்று.

பசியாறு. பசி ஆறுவது. புண் ஆறும், சூடு ஆறும், கோபம் ஆறும், பசியும் ஆறும். எவ்வளவு நல்ல சொல். இதைப் போய்த் திருத்தியிருக்கிறேன், அதுவும் 'சாப்பிட்டாச்சா' என்று!

அண்ணனுக்கும் மாலையில் சொல்லிவிட்டோம். அரை மணி நேரம் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய் நின்றார். தங்கை தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது உறைத்திருக்கும். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "குளிருது, உள்ள போ" என்றார். அவ்வளவுதான்.

மே 19, வெள்ளி

குணா கேட்டான், தேன்மொழிக்கு நானே ஒரு லெட்டர் எழுதலாமா என்று. என் கடிதத்தால் வந்த பயத்தை என் தந்தியால் போக்கமுடியாது, தன்னைப் பற்றித் தான்தான் சொல்லவேண்டும் என்றான். நியாயம். எழுதச் சொன்னேன்.

மத்தியானம் கொண்டுவந்து நீட்டினான். "தப்பு இருக்கும் அத்த, திருத்திக் குடுங்க. ஆறு வருசம்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம்."

தப்பு இருந்தது. ர எல்லாம் ற, ற எல்லாம் ர. "அண்புள்ள" என்று மூன்று சுழியில் ஆரம்பம். ஒற்று ஒன்றும் ஊர் வந்து சேரவில்லை. ஆனால் எழுதியிருந்தது: இங்கே குளிர் அதிகம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஈப்போவில் வீடு பார்க்கிறேன். இங்கே டீ, காப்பிக்குத்தான் தண்ணி என்று பேர். நான் ஒரு நாளைக்கு ஐந்து தண்ணி குடிப்பது நிஜம். அதை மூன்றாக்கப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றி அத்தை சொன்னார்கள். இனி அப்படி யாரையும் நீங்கள் தூக்கிவர வேண்டியிருக்காது. உங்களுக்கு வேண்டாம் என்றாலும் அத்தை மேல் கோபப்படாதீர்கள், இங்கே யாருக்கும் கோபம் இல்லை.

சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. மூடியும் கழற்றிவிட்டேன். மூன்று முறை படித்தேன். மூடியைப் போட்டேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். விலாசம் மட்டும் என்னை எழுதச் சொன்னான், எழுதினேன்.

மே 27, சனி

தே.யிடமிருந்து ஒன்றும் இல்லை. தந்திக்கும் பதிலில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு நீட்டிக் கடிதம் எழுதினேன். கப்பல் ஜூன் 12.

மாரியாயி இன்று நான் பறித்ததில் பாதியைக் கூடையிலேயே விட்டாள். ஜஸ்ட் பாஸ்.

குணா வீட்டுக்குள் நுழைந்ததும் தபால் மேஜையைப் பார்க்கிறான். பார்க்காதது போல. ஸ்ட்ராபெரி கேட்டு வாங்கித் தின்றேன். புளிப்பு. அவள் வேண்டாம் என்று எழுதினால் இந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? அவளை வற்புறுத்தவும் எனக்கு உரிமையில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது.

ஜூன் 7, புதன்

மழை விடவில்லை. தபால் பதினொரு மணிக்கு. தே. கையெழுத்து. அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முக்கியமானதை இங்கே எழுதிவைக்கிறேன்:

"தந்தி முதலில் வந்தது. அவர் குடிப்பது டீ காப்பி மட்டும் என்று. எந்தக் கடிதம், யார் அவர், இதை எதற்குக் கடல் தாண்டித் தந்தி அடிக்கிறாய், ஒன்றும் புரியாமல் சித்தியும் நானும் பயந்துபோனோம். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. புரிந்தது. அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தந்தியை நம்புவதா, கடிதத்தை நம்புவதா என்று தெரியவில்லை. பையனைப் பார்த்துப் பாவப்பட்டுத் தந்தி அடித்திருப்பாயோ என்றுகூட நினைத்தேன். நீயும் ஒரு காலத்தில் அப்படித்தானே நம்பினாய்.

பிறகு அவர் கடிதம் வந்தது. முப்பத்தோரு பிழை. எண்ணினேன், உன் வளர்ப்பு. உறைமேல் உன் கையெழுத்து, அதனால் நீ பார்த்துத்தான் வந்திருக்கிறது. அம்மா, எதிர்வீட்டுக்காரர் கொடுத்த கல்யாணப் பத்திரிகையையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தவள் நீ. நீ இதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அதற்குமேல் விசாரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. சம்மதம் என்று சொல்லிவிடு."

அண்ணி முழங்கையால் இடித்தார். வலித்தது. இரண்டு பேரும் அழுகிறோம், மாரியாயி வாசலில் நின்று யார் செத்தது என்று கேட்கிறாள்.

சடக்கில் லோரிச் சத்தம். நான்தான் சொல்வேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன், ஆனால் அவர் அதற்குள் செருப்பு மாட்டுகிறார், நானும் ஓடவேண்டும்.